சொல்லக்கூடிய ரகசியமும் சொல்லக்கூடாத ரகசியமும்

1948-ம் வருடம் ஆகஸ்ட் 3-ம் தேதி. வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழு ஒன்றின் முன்னால் விட்டேக்கர் சேம்பர்ஸ் என்பவர் சாட்சி சொல்ல வந்தார். டைம் பத்திரிகையில் மூத்த ஆசிரியர். மனைவி, இரண்டு குழந்தைகள், ஊருக்கு வெளியே ஒரு பண்ணை என்று வசதியாக இருந்தவர். அப்படிப்பட்டவர், தான் பல வருடங்கள் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமறைவுப் பிரிவில் வேலை செய்ததாகவும் பிறகு மனம் மாறி வெளியேறியதாகவும் ஊரறியச் சொன்னார். வெளியுறவுத் துறையில் பெரிய பொறுப்பில் இருந்த ஆல்ஜர் ஹிஸ்ஸும் தன்னோடு கட்சியில் இருந்தவர்தான் என்று ஒரு குண்டையும் தூக்கிப் போட்டார். சில மாதங்களில் விவகாரம் முற்றியது. அரசாங்கத்தின் ரகசியக் காகிதங்களை சோவியத் யூனியனுக்குக் கடத்தியதையும் ஒப்புக்கொண்டார்.

யோசித்துப் பாருங்கள். சொந்த நாட்டை உளவு பார்த்ததாக ஒரு மனிதர் தானே சொல்கிறார். என்ன ஆனது? டைம் பத்திரிகை வேலை போனது உண்மை. ஆனால் 1952-ல் தன் கதையை ஒரு தடிமனான புத்தகமாக எழுதினார், அது அமோகமாக விற்றது. நாட்டின் பாதிப் பேருக்கு அவர் வீரர் ஆனார். இறந்து 23 வருடங்கள் கழித்து, 1984-ல் ஜனாதிபதி ரீகன் அவருக்கு நாட்டின் மிக உயர்ந்த சிவிலியன் விருதைக் கொடுத்தார்.

அதே சேம்பர்ஸ் இன்னொரு வாக்குமூலமும் கொடுத்திருக்கிறார். அது 1949 பிப்ரவரியில், எஃப்.பி.ஐ.-யிடம் எழுத்தில் கொடுத்தது. 1930-களில் பல ஆண்களுடன் தனக்கு உறவு இருந்தது, 1938-ல் கட்சியை விட்டபோது அதையும் விட்டுவிட்டேன் என்பது அதன் சாரம். இது மேடையில் பேசப்படவில்லை. அந்தத் தடிமனான புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கம்கூடக் கிடையாது. காகிதம் கோப்பிலேயே தூங்கியது. அவர் 1961-ல் இறந்து, 1970-களில் எஃப்.பி.ஐ. கோப்புகள் திறக்கப்பட்ட பிறகுதான் வெளியே தெரிந்தது.

ஒரே மனிதர், ஆறே மாத இடைவெளி, இரண்டு ஒப்புதல்கள். தேசத்துரோகத்தை மைக் முன்னால் சொல்ல முடிந்தவரால் மற்றதைச் சொல்ல முடியவில்லை. ஏன்?

அன்றைய அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் என்று தெரியவருவது லேசான விஷயம் இல்லை. 1949-ல் கட்சித் தலைவர்கள் 11 பேர் தண்டிக்கப்பட்டார்கள். ஹாலிவுட்காரர்கள் பத்துப் பேர் விசாரணைக் குழுவுக்குப் பதில் சொல்ல மறுத்து ஜெயிலுக்குப் போனார்கள். 1953-ல் ரோசன்பெர்க் தம்பதி மின்சார நாற்காலியில் கொல்லப்பட்டார்கள். அவர்கள் பட்டதைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமை இல்லை. ஆனாலும் அங்கே ஒரு வாசல் திறந்தே இருந்தது. குழுவின் முன்னால் வந்து, "தெரியாமல் செய்துவிட்டேன்" என்று சொல்லி, கூட இருந்த நான்கு பேரைக் காட்டிக் கொடுத்தால் போதும். டைரக்டர் எலியா கசான் 1952-ல் அதைத்தான் செய்தார், எட்டுப் பேரின் பெயர்களைச் சொன்னார். அடுத்து 1954-ல் வந்த அவருடைய படம் எட்டு ஆஸ்கர் வாங்கியது. பெயருக்கு ஒரு ஆஸ்கர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்! பழைய நண்பர்கள் சாகும்வரை மன்னிக்கவில்லை என்பது வேறு கதை.

தன்பாலீர்ப்பாளர்களுக்கு அந்த வாசல் கிடையாது.

1950 பிப்ரவரி 9-ம் தேதி செனட்டர் ஜோசஃப் மெக்கார்த்தி, வெளியுறவுத் துறை முழுக்க கம்யூனிஸ்டுகள் இருக்கிறார்கள் என்று வீலிங் என்ற ஊரில் பேசினார். இது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதே மாதம் 28-ம் தேதி நடந்தது அவ்வளவாகத் தெரியாது. வெளியுறவுத் துறையின் துணைச் செயலாளர்களில் ஒருவரான ஜான் பியூரிஃபாய், செனட் குழுவில் துறையைக் காப்பாற்றப் பேசும்போது, பாதுகாப்பு ஆபத்து என்று 91 பேரை ஏற்கெனவே வெளியேற்றிவிட்டோம், அவர்கள் தன்பாலீர்ப்பாளர்கள் என்று சொல்லிவிட்டார். கம்யூனிஸ்டுகளைத் தேடிக்கொண்டிருந்த பத்திரிகைகளும் செனட்டும் அந்தப் பக்கம் திரும்பின. அந்த வருடமே செனட் தனிக் குழு போட்டு விசாரித்து, டிசம்பரில் அறிக்கையும் வெளியிட்டது. இவர்களை எதிரிகள் மிரட்டி ரகசியங்களைக் கறந்துவிடுவார்கள், அதனால் அரசாங்க வேலைக்கு ஆகாது என்பது முடிவு. மிரட்டப்பட்டவர் என்று காட்டப்பட்ட பிரதான உதாரணம் யார் தெரியுமா? ஆல்ஃபிரட் ரெட்ல் என்ற ஆஸ்திரிய ராணுவ அதிகாரி. அவர் செத்தது 1913-ல்! ஒரு அமெரிக்கர்கூடக் கிடைக்கவில்லை.

மிரட்டல் பிற்பாடு நடக்கத்தான் செய்தது, ஆனால் மிரட்டியவர்கள் ரஷ்யர்கள் இல்லை. வயோமிங் மாநிலத்து ஜனநாயகக் கட்சி செனட்டர் லெஸ்டர் ஹன்ட்டின் மகன் 1953-ல் வாஷிங்டன் பூங்கா ஒன்றில் இன்னொரு ஆணை அழைத்ததாகக் கைதானார். தேர்தலில் நிற்காமல் ஒதுங்காவிட்டால் இதை ஊரெல்லாம் பரப்புவோம் என்று எதிர்க்கட்சி செனட்டர்கள் மிரட்டியதாகப் பத்திரிகையாளர் ட்ரூ பியர்சன் எழுதினார். 1954 ஜூன் 19-ம் தேதி ஹன்ட் செனட் கட்டடத்தில் தன் அலுவலக அறையிலேயே துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்தார்.

1953 ஏப்ரல் 27-ம் தேதி ஜனாதிபதி ஐசனோவர் 10450 என்ற எண்ணுள்ள ஆணையில் கையெழுத்திட்டார். அரசு வேலைக்குத் தகுதியைக் குறைக்கும் காரணங்களின் பட்டியலில் பாலியல் 'வக்கிரம்' என்று ஒரு வரி. அந்த வரியால் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். விசாரணையில் இவர்களிடமும் "இன்னும் யார் யார்?" என்றுதான் கேட்டார்கள். ஆனால் பெயரைச் சொன்னால் வேலை திரும்பக் கிடைக்கும் என்ற பேரம் கிடையாது. பெரும்பாலோர் சத்தமில்லாமல் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஏன் போனாய் என்று வீட்டில் கேட்டால் சொல்ல முடியாது. அடுத்த வேலைக்குப் போகும் இடத்திலும் சொல்ல முடியாது. வேலை இழந்த கம்யூனிஸ்டுக்கு நிதி திரட்டித் தர ஒரு கமிட்டியாவது இருந்தது, இவர்களுக்கு அதுவும் இல்லை.

சரி, ஒரு மனிதரிடம் இரண்டு ரகசியமும் இருந்தால்?

அப்படி இருவர் இருந்தார்கள். இருவரும் 1912-ல், மூன்று வார இடைவெளியில் பிறந்தவர்கள். மார்ச் 17-ம் தேதி பென்சில்வேனியாவில் பேயார்ட் ரஸ்டின். ஏப்ரல் 7-ம் தேதி இங்கிலாந்தில் ஹாரி ஹே.

ஹே வளர்ந்தது கலிஃபோர்னியாவில். 1930-களில் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார், சும்மா பெயருக்கு இல்லை, முழு ஈடுபாட்டோடு. கட்சி சார்ந்த பள்ளியில் இசை வரலாறு சொல்லிக் கொடுத்தார். கட்சியில் தன்பாலீர்ப்பாளர்களுக்கு இடமில்லை. சோவியத் யூனியனில் ஸ்டாலின் காலத்தில், 1934 வாக்கிலேயே, அது ஜெயில் தண்டனைக்குரிய குற்றமாகிவிட்டது. அது முதலாளித்துவச் சீரழிவு என்பது அங்கே பாடம். (அமெரிக்காவிலோ அது கம்யூனிஸ்டுகளுக்கு வசதியான பலவீனம்! இரண்டு முகாமும் ஒத்துப்போன வெகுசில விஷயங்களில் இது ஒன்று.) ஹே 1938-ல் கட்சித் தோழர் ஒருவரையே மணந்துகொண்டார். இரண்டு பெண் குழந்தைகளைத் தத்தெடுத்தார்கள்.

1950 நவம்பர் 11-ம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸில் ஹேயின் வீட்டில் ஐந்து பேர் கூடினார்கள். அதில் பிறந்ததுதான் மாட்டஷீன் சங்கம், அமெரிக்காவில் நிலைத்து நின்ற முதல் தன்பாலீர்ப்பாளர் அமைப்பு. பழைய பிரான்ஸில் முகமூடி போட்டுக்கொண்டு அரசர்களைக் கிண்டல் செய்த கூத்தாடிகளிடமிருந்து எடுத்த பெயர். அமைப்பு முறை மட்டும் அப்படியே கம்யூனிஸ்ட் கட்சியைப் பார்த்துச் செய்தது. சின்னச் சின்னக் குழுக்கள், ஒரு குழுவுக்கு இன்னொரு குழுவைத் தெரியாது, மேலே யார் இருக்கிறார்கள் என்றும் தெரியாது. போலீஸ் ஒருவரைப் பிடித்தால் எல்லோரும் மாட்டக்கூடாது அல்லவா. கட்சி கற்றுக்கொடுத்த தலைமறைவு வித்தை கட்சி ஏற்காதவர்களுக்குப் பயன்பட்டது.

1951-ல் ஹே கட்சிக்கு முழு உண்மையைச் சொன்னார். தன்னால் கட்சிக்கு ஆபத்து வரக்கூடாது என்று தன்னை நீக்கும்படி அவரே கேட்டார். கட்சி அவரை 'பாதுகாப்பு ஆபத்து' என்று விலக்கியது. அமெரிக்க அரசாங்கம் எந்தச் சொல்லைப் பயன்படுத்தியதோ அதே சொல்! நீண்ட கால உழைப்பை மதித்து, மக்களின் ஆயுட்கால நண்பர் என்று ஒரு பாராட்டும் கொடுத்து அனுப்பினார்கள். அதே வருடம் திருமணமும் முறிந்தது.

அடுத்த வருடம் சங்கத்துக்கு ஒரு பெரிய வெற்றி. ஸ்தாபகர்களில் ஒருவரான டேல் ஜென்னிங்ஸை ஒரு போலீஸ்காரர் பொறி வைத்துப் பிடித்தார். அந்த மாதிரி வழக்குகளில் எல்லோரும் அபராதம் கட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போவதுதான் வழக்கம். ஜென்னிங்ஸ் கோர்ட்டில் நின்று, தான் தன்பாலீர்ப்பாளர் என்பது உண்மை, குற்றச்சாட்டு பொய் என்றார். ஜூரிகளில் 11 பேர் அவர் பக்கம், ஒருவர் மட்டும் எதிர்ப்பு. வழக்கு தள்ளுபடியானது. விஷயம் பரவி, சங்கத்தில் ஆட்கள் குவிந்தார்கள்.

குவிந்தவர்களால்தான் அடுத்த வினை. 1953 மார்ச்சில் பால் கோட்ஸ் என்ற பத்தி எழுத்தாளர் ஒரு லாஸ் ஏஞ்சல்ஸ் பத்திரிகையில் இந்தச் சங்கத்தைப் பற்றி எழுதினார். சங்கத்தின் வக்கீல், நாடாளுமன்றக் குழுவுக்கு ஒத்துழைக்க மறுத்தவர் என்ற விவரமும் அதில் இருந்தது. புதிய உறுப்பினர்கள் ஆடிப்போனார்கள். ஏற்கெனவே ஒரு கத்தி கழுத்துக்கு மேலே தொங்குகிறது, இதில் கம்யூனிஸ்ட் என்ற பெயர் வேறா? ஏப்ரலிலும் மே மாதத்திலும் நடந்த மாநாடுகளில் இதே பேச்சு. (ஐசனோவர் ஆணை வந்ததும் இதே ஏப்ரலில்தான்.) ஹேயும் கூட இருந்த ஸ்தாபகர்களும் பொறுப்பைத் துறந்தார்கள். நாங்களும் மற்றவர்களைப் போன்ற சாதாரணக் குடிமக்கள்தான் என்று காட்டிக்கொள்ள விரும்பியவர்கள் சங்கத்தை எடுத்துக்கொண்டார்கள்.

கட்சி அவரை விலக்கியது அவர் யாரை நேசித்தார் என்பதற்காக. அவரே ஆரம்பித்த சங்கம் அவரை ஒதுக்கியது அவர் எதை நம்பினார் என்பதற்காக. இடையில் இரண்டே வருடம். 1955-ல் நாடாளுமன்றக் குழு கம்யூனிஸ்ட் என்று அவரை விசாரணைக்கு அழைத்தபோது அவர் எந்தப் பக்கத்திலும் உறுப்பினர் இல்லை. இந்த இடத்தில் புதிய உறுப்பினர்களைத் திட்டுவது சுலபம், ஆனால் நியாயம் ஆகாது. வேலையும் வீடும் போகும் பயம் அவர்களுக்குத் தினசரி இருந்தது. கட்சித் தலைமைக்கு அந்தச் சலுகையைத் தருவது கொஞ்சம் கஷ்டம். உலகத்தை மாற்றப் போவதாகச் சொன்னவர்கள் அவர்கள்.

ரஸ்டினின் கதை வேறு தினுசு. கறுப்பினத்தவர். குவேக்கர் கிறிஸ்தவப் பாட்டி வளர்த்த பிள்ளை. 1930-களில் இளம் கம்யூனிஸ்ட் லீகில் சேர்ந்தார். 1941-ல் ஜெர்மனி ரஷ்யாவைத் தாக்கியதும் கட்சி, இனவெறி எதிர்ப்பைத் தள்ளிவைத்துவிட்டுப் போரை ஆதரிக்கச் சொன்னது. பிடிக்காமல் விலகினார். அதே வருடம் ஏ. ஜே. மஸ்டி என்ற பாதிரியார் தலைமையில் இருந்த சமாதான அமைப்பு ஒன்று அவரை வேலைக்கு எடுத்தது. நேற்றுவரை கம்யூனிஸ்டாக இருந்தாயே என்று அங்கே யாரும் தடை சொல்லவில்லை. போருக்குப் போக மறுத்து 1944 முதல் 1946 வரை ஜெயிலில் இருந்தார், அது அவருக்கு மரியாதையைத்தான் கூட்டியது. 1948-ல், காந்தி இறந்த சில மாதங்களுக்குப் பிறகு, இந்தியாவுக்கு வந்து காந்தியின் வழியைப் படித்துவிட்டுப் போனார். திரும்பிய பிறகு, பஸ்ஸில் வெள்ளையர் பகுதியில் உட்கார்ந்த பழைய வழக்கில் வட கரோலினாவில் 22 நாள் சங்கிலிக் கைதியாகச் சாலை வேலை செய்தார்.

1953 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரத்தில் ஒரு சொற்பொழிவு. அன்று இரவு ஒரு காரில் ஆண்களுடன் இருந்ததற்காகக் கைது, 60 நாள் சிறைத்தண்டனை. மஸ்டிக்கு ரஸ்டினைப் பற்றி முன்பே தெரியும். தெரிந்தவரை பரவாயில்லை, ஊருக்குத் தெரிந்ததும்தான் பிரச்சனை. பன்னிரண்டு வருட உழைப்பு ஒரே நாளில் முடிந்தது. கம்யூனிஸ்டாக இருந்ததைப் பொறுத்த அமைப்பு, ஜெயிலுக்குப் போனதைப் பெருமையாகச் சொன்ன அமைப்பு, இதைப் பொறுக்கவில்லை.

பிறகு 1956-ல் மான்ட்கோமரி பஸ் போராட்டத்தின்போது மார்ட்டின் லூதர் கிங்குக்கு அகிம்சை முறையைச் சொல்லிக் கொடுத்தவர்களில் ரஸ்டின் முக்கியமானவர். ஆனால் மேடையில் இல்லை, மேடைக்குப் பின்னால். 1960-ல் ஆடம் கிளேட்டன் பவல் என்ற கறுப்பின எம்.பி.யே, கிங்குக்கும் ரஸ்டினுக்கும் உறவு என்று ஒரு பொய்யைக் கிளப்பிவிடுவேன் என்று மிரட்டினார். ரஸ்டின் ராஜினாமா செய்தார், கிங் அதைத் தடுக்கவில்லை.

மூன்று வருடம் கழித்துதான் திருப்பம். 1963-ல் வாஷிங்டன் பேரணியை நடத்த யார் என்ற கேள்வி வந்தபோது, ரஸ்டின் வேண்டாம் என்று ராய் வில்கின்ஸ் போன்ற தலைவர்கள் எதிர்த்தார்கள். முதுபெரும் தொழிற்சங்கத் தலைவர் ஏ. பிலிப் ரண்டால்ஃப், "அப்படியானால் நானே தலைவர், என் உதவியாளரை நானே தேர்ந்தெடுப்பேன்" என்ற ரீதியில் பேசி, ரஸ்டினையே தேர்ந்தெடுத்தார். பேரணிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தெற்கத்திய செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட், செனட்டில் ரஸ்டினின் மொத்த ஜாதகத்தையும் வாசித்தார். கம்யூனிஸ்ட், போருக்குப் போகாதவர், பாசடீனாவில் கைதானவர். மூன்றையும் ஒரே மூச்சில்.

இந்தமுறை யாரும் ரஸ்டினைக் கைவிடவில்லை. அவருடைய நேர்மையில் முழு நம்பிக்கை இருக்கிறது என்று ரண்டால்ஃப் அறிவித்தார். கவனிக்க வேண்டியது, தன்பாலீர்ப்பு தவறில்லை என்று அவரோ வேறு தலைவரோ சொல்லவில்லை. அதைப் பற்றிப் பேசாமல் ஆளைக் காப்பாற்றினார்கள், அவ்வளவுதான். ஆகஸ்ட் 28-ம் தேதி சுமார் இரண்டரை லட்சம் பேர் வந்தார்கள். அடுத்த வாரம் லைஃப் பத்திரிகை அட்டையில் ரண்டால்ஃபும் ரஸ்டினும்.

அரசியல் கருத்து என்பது ஒரு கட்டத்தில் ஏற்றுக்கொண்டது, இன்னொரு கட்டத்தில் கழற்றி வைக்கலாம். கழற்றி வைத்ததற்குக் கைதட்டலும் உண்டு. சேம்பர்ஸ் எஃப்.பி.ஐ.-யிடம் இரண்டையும் ஒரே வருடத்தில் விட்டேன் என்று எழுதியது, இரண்டாவதையும் முதலாவதைப் போல ஆக்கும் முயற்சியாகத்தான் தோன்றுகிறது. அதை நம்பி யாரும் கைதட்ட மாட்டார்கள் என்பது அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. கம்யூனிஸ்டுகளின் பிள்ளைகள் பலர் கம்யூனிஸ்ட் வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். வெளியே அடிபட்டு வந்தால் வீட்டில் மருந்து போட ஆள் இருந்தது. தன்பாலீர்ப்பாளருக்கு முதல் விசாரணைக் குழுவே அப்பா அம்மாதான்.

இந்த ஒப்புதல் விளையாட்டையே ஆட மறுத்தவர் ஃபிராங்க் கேமனி. இரண்டாம் உலகப் போரில் சண்டை போட்டவர். ஹார்வர்டில் வானியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். ராணுவ வரைபடப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த அதே வருடம், 1957-ல், நீக்கப்பட்டார். மறுக்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. சுப்ரீம் கோர்ட்வரை போனார், வக்கீல் கைவிட்டதால் மனுவைத் தானே எழுதினார். மதத்தைப் போல, நிறத்தைப் போல இதுவும், அரசாங்கத்துக்கு இதில் என்ன வேலை என்பது அவர் வாதம். 1961-ல் கோர்ட் விசாரிக்கவே மறுத்தது.

1965 ஏப்ரலில் கியூபாவின் கம்யூனிஸ்ட் அரசு தன்பாலீர்ப்பாளர்களை வேலை முகாம்களுக்கு அனுப்பப் போவதாகச் செய்தி வந்தது. கேமனியும் நண்பர்களும், பத்தே பேர், ஏப்ரல் 17-ம் தேதி வெள்ளை மாளிகை முன்னால் அட்டைகளோடு வரிசையாக நடந்தார்கள். ஆண்கள் கோட்டும் டையும், பெண்கள் பாவாடையும்தான் அணிய வேண்டும் என்பது கேமனியின் கட்டளை. காஸ்ட்ரோ செய்வதும் நீங்கள் செய்வதும் ஒன்றுதானே என்பது கேள்வி. கம்யூனிஸ்டுகளோடு சேர்த்துத் துரத்தப்பட்டவர்கள், அந்தத் துரத்தலையே அரசாங்கத்தின் முகத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1973-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நோய்ப் பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பை எடுத்தது. 1975-ல் அரசு வேலைக்கான பொதுத் தடை போனது. 1978-ல் கலிஃபோர்னியாவில் தன்பாலீர்ப்பாளர் ஆசிரியர்களை நீக்கச் சட்டம் கொண்டுவரப் பார்த்தபோது, வீட்டிலும் ஆபீசிலும் எல்லோரும் வெளிப்படையாகச் சொல்லுங்கள், தெரிந்தவருக்கு எதிராக யாரும் ஓட்டுப் போட மாட்டார்கள் என்று ஊர் ஊராகப் பேசினார் ஹார்வி மில்க். சட்டம் தோற்றது. இந்த மில்க் 1964-ல் வலதுசாரி வேட்பாளர் கோல்ட்வாட்டருக்காகப் பிரசாரம் செய்தவர்! அப்போது அரசியலை வெளியே சொன்னார், மற்றதை மறைத்தார். பிறகு முதலாவது மாறிவிட்டது, இரண்டாவது மாறவில்லை.

மில்க் போட்ட கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஒரே பாலினத் திருமணத்தைச் சட்டம் ஏற்க வேண்டும் என்றவர்கள் காலப் நிறுவனக் கணிப்பில் 1996-ல் 27 சதவீதம், 2022-ல் 71 சதவீதம். இதற்கு நேர் எதிராக இன்னொரு மாற்றம். உன் பிள்ளை எதிர்க்கட்சிக்காரரை மணந்தால் வருத்தப்படுவாயா என்று 1960-ல் கேட்டபோது, ஆம் என்ற அமெரிக்கர்கள் இரண்டு கட்சியிலும் 5 சதவீதத்தைத் தாண்டவில்லை. 2010-ல் கேட்டபோது ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒருவர், குடியரசுக் கட்சியினரில் ஏறக்குறைய பாதிப் பேர். இதை வைத்துக்கொண்டு இரண்டும் இடம் மாறிவிட்டன என்று எழுதுபவர்கள் உண்டு. சாப்பாட்டு மேஜையில் வரும் சண்டையையும் ஆணை எண் 10450-ஐயும் ஒரே தராசில் வைப்பது அபத்தம். 2025 ஜனவரியில் திருநர்கள் ராணுவத்தில் பணியாற்றுவதற்கு எதிராக ஜனாதிபதி டிரம்ப் கையெழுத்திட்டதும் ஒரு ஆணைதான்.

ரஸ்டின் 1987-ல் இறந்தார். 2013-ல் அவருக்கும், சேம்பர்ஸுக்குக் கொடுத்த அதே உயரிய விருது. பாசடீனா வழக்கில் கலிஃபோர்னியா கவர்னர் மன்னிப்பு வழங்கியது 2020-ல், தண்டனை கிடைத்து 67 வருடம் கழித்து. ஹே 2002-ல் தொண்ணூறு வயதில் காலமானார்.

கேமனி மட்டும் உயிரோடு இருந்து பார்த்தார். அவரை நீக்கிய காலத்து சிவில் சர்வீஸ் கமிஷனின் இடத்தில் இப்போது இருக்கும் துறைக்கு 2009-ல் தலைவராக வந்தவர் ஜான் பெர்ரி, தன்பாலீர்ப்பாளர் என்பதை மறைக்காதவர். அந்த வருடம் ஜூனில் நடந்த விழாவில், 1957-ல் நடந்ததற்காக அரசாங்கத்தின் சார்பில் கேமனியிடம் அவர் மன்னிப்புக் கேட்டார். 84 வயதுக் கேமனி ஏற்றுக்கொண்டார். 1965-ல் தூக்கிக்கொண்டு நடந்த அட்டைகள் அதற்கு முன்பே ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன.